குளிர்காலப் பறவைகளுக்கு வீட்டில் கொழுப்புக் கட்டி: எந்தக் கொழுப்பைத் தேர்ந்தெடுப்பது?

கனடாவின் தெற்கு ஒன்ராறியோவில் குளிர்காலம் முழுவதும் தங்கிவிடும் சிறு பறவைகளுக்குத் தோட்டத்தில் தீனி வைப்போர் முதலில் சூரியகாந்தி விதையில்தான் தொடங்குகிறார்கள். மரங்கொத்திகள் வரவேண்டும் என்ற ஆசை பிறந்ததும் அவர்களுடைய கவனம் சூயட் எனப்படும் கொழுப்புக் கட்டியின் பக்கம் திரும்புகிறது. கடைகளில் அச்சில் வார்த்த சதுரக் கட்டிகள் தாராளமாகக் கிடைத்தாலும், அவற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று உறையைத் திருப்பிப் படித்த பலர், இதை வீட்டிலேயே செய்யலாமே என்று எண்ணுகிறார்கள். செய்யலாம், செய்வது கடினமுமல்ல. ஆனால் எந்தக் கொழுப்பில் செய்வது என்பதை யோசித்தே முடிவுசெய்ய வேண்டும். மாட்டுக் கொழுப்பு, ஆட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு, தாவரக் கொழுப்பு ஆகிய நான்கும் பாத்திரத்தில் உருகும்போது ஒன்றுபோலத் தோன்றினாலும், வெயிலிலும் பனியிலும் தொங்கும்போது வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. கட்டியில் வேறு எதைக் கலப்பது என்ற கேள்வியில் நேரம் செலவிடுவோர் பலர். அடிப்படைக் கொழுப்பைப் பற்றிச் சிந்திப்போர் குறைவு. இக்கட்டுரை பெரும்பாலும் அந்த அடிப்படையைப் பற்றியது.

கொழுப்பு ஏன் வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடலாம். ஒரு கிராம் கொழுப்பில் ஏறத்தாழ 9 கிலோ கலோரி ஆற்றல் இருக்கிறது. மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு ஏறத்தாழ 4 மட்டுமே. டிசம்பர் இறுதியில் ரொறன்ரோவில் பகல் வெளிச்சம் சுமார் 9 மணி நேரம்தான் நீடிக்கிறது. எஞ்சிய 15 மணி நேரத்தையும் இரை தேட முடியாமல், பகலில் உடலில் சேர்த்த கொழுப்பை எரித்தே பறவை கடக்க வேண்டும். கருந்தொப்பிச் சிக்கடீ என்னும் சிறு பறவையின் எடை 10 முதல் 14 கிராம் வரைதான். பகலில் 42 பாகை செல்சியஸை ஒட்டியிருக்கும் தன் உடல் வெப்பத்தைக் கடுங்குளிர் இரவுகளில் சுமார் 10 பாகை தானே குறைத்துக்கொண்டு, கையிருப்பை விடியும்வரை நீட்டிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. விடிந்ததும் இழந்ததை உடனே ஈடுசெய்தாக வேண்டும். மரங்கொத்திகளும், மரத்தண்டில் ஏறியிறங்கி இரை தேடும் நட்ஹாட்ச் என்னும் சிறு பறவைகளும், சிக்கடீகளும் இயல்பாகவே மரப்பட்டையின் இடுக்கில் உறங்கும் புழுக்களையும் பூச்சி முட்டைகளையும் தேடித் தின்பவை. கொழுப்பும் புரதமும் செறிந்த அந்த இரைக்கு விதையைவிடச் சூயட்தான் நெருங்கிய மாற்று.

இப்படித் தொங்கவிடப்படும் கொழுப்புக்கு மூன்று தகுதிகள் வேண்டும் என்பேன். முதலாவது, அது கெட்டியாக நிற்க வேண்டும். இளகிய கொழுப்பு பறவையின் மார்பிலும் வயிற்றிலும் உள்ள இறகுகளில் ஒட்டிக்கொண்டால் அந்த இறகுகள் குளிரையும் ஈரத்தையும் தடுக்கும் திறனை இழக்கின்றன. அடைகாக்கும் காலமாயின் வயிற்றிலிருந்து முட்டை ஓட்டின்மேலும் அது பூசப்படலாம். இரண்டாவது, சில நாட்களாவது ஊசிப்போகாமல் இருக்க வேண்டும். மூன்றாவது, உப்பும் மசாலாவும் பதப்படுத்தும் இரசாயனங்களும் இல்லாமல் இருக்க வேண்டும். இம்மூன்றையும் வைத்துப் பார்த்தால் தெரிவுகள் தாமாகவே தரம் பிரிந்துவிடுகின்றன.

கால்நடையின் சிறுநீரகத்தைச் சுற்றிப் படிந்திருக்கும் கெட்டிக் கொழுப்பே உண்மையான சூயட். இறைச்சிக்கடையில் குண்டிக்காய்க் கொழுப்பு என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். தோலடியிலும் தசைகளுக்கு இடையிலும் இருக்கும் மென்கொழுப்பு இதற்கு ஈடாகாது. கையில் எடுத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும்: குண்டிக்காய்க் கொழுப்பு வழவழப்பின்றி உலர்ந்து, விரலால் அழுத்தினால் நசுங்காமல் பொலபொலவென்று உதிரும், அதன் ஊடே தாளைப்போல மெல்லிய சவ்வுகள் ஓடும். இது 45 முதல் 50 பாகை செல்சியஸில்தான் உருகுகிறது. பன்றிக் கொழுப்பு எந்தப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்துப் பெரும்பாலும் 30க்கும் 45க்கும் இடையில் உருகும். தேங்காய் எண்ணெய்க்கு 24 அல்லது 25 பாகையே போதும்.

மிக எளிய வழி, இந்தக் கொழுப்பை உருக்காமல், வாங்கியபடியே கம்பிக்கூட்டில் வைத்துத் தொங்கவிடுவது. சனவரி, பிப்ரவரி மாதங்களில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழேயே நிற்கும் வாரங்களில் இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை, பறவைகளும் தயங்குவதில்லை. ஆனால் பச்சைக் கொழுப்பில் சவ்வும் இரத்தக் கசிவும் இறைச்சித் துணுக்கும் ஒட்டியிருக்கும். இரண்டு நாள் பனி உருகும் வெயில் அடித்தாலே அவை கெடத் தொடங்குகின்றன. தெற்கு ஒன்ராறியோவின் குளிர்காலம் இப்போதெல்லாம் நடுவில் பலமுறை இளகிப் பின் உறைகிறது என்பதால், பச்சைக் கொழுப்பை வைப்பவர் வானிலை அறிக்கையை நாள்தோறும் பார்த்து, வெப்பம் ஏறும் நாளில் அதை எடுத்துவிட வேண்டியிருக்கும். அந்தக் கவனத்தைத் தர முடியாதவர்கள் உருக்கி வைப்பதே நல்லது.

உருக்குவதன் நோக்கம் கொழுப்பிலிருந்து நீரையும் சவ்வையும் இறைச்சியையும் பிரித்தெடுப்பது. கெடுவன அவைதாம், தூய கொழுப்பு எளிதில் கெடுவதில்லை. கொழுப்பை ஒரு மணி நேரம் உறைபெட்டியில் வைத்து இறுகச் செய்தால் கத்திக்கு வழுக்காமல் வெட்டுப்படும். இறைச்சிக்கடைக்காரரிடமே கொத்தித் தரச் சொன்னால் வேலை பாதியாகும். துண்டுகள் எவ்வளவு சிறியனவோ அவ்வளவு விரைவாகவும் ஒரே சீராகவும் உருகும். அடிகனமான பாத்திரத்தில் அரைக் குவளை நீர் விட்டு, மிகச் சிறு தீயில் வைக்க வேண்டும். கொழுப்பு வெளியேறத் தொடங்கும்வரை அடிபிடிக்காமல் காப்பது அந்த நீர்தான். வெண்ணெய் உருக்கும்போது சடசடப்பு அடங்கும் தருணத்துக்குக் காத்திருப்பதைப்போலவே இங்கும் ஒலியைக் கவனிக்க வேண்டும்: நீர் முழுவதும் ஆவியாகிவிட்டால் கொதிப்பு ஓய்ந்து, மேலே பழுப்பேறிய சக்கைகள் மிதக்க, அடியில் இளமஞ்சள் நிறத்தில் தெளிந்த திரவம் நிற்கும். அதற்குமேல் அடுப்பில் விட்டால் நிறம் கறுத்துக் கருகல் நாற்றம் ஏறிவிடும். இறக்கிச் சற்று ஆறியபின் பருத்தித் துணியில் வடிகட்டினால், குளிர்ந்ததும் அது வெள்ளைவெளேரென்று உறையும்.

ஒருமுறை உருக்கி உறைந்த கட்டியை மீண்டும் உருக்கி வடிகட்டுவது வீண்வேலை என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். நான் அதை விடமாட்டேன். முதல் வடிகட்டலில் துணியைத் தாண்டிவரும் நுண்துகள்களும் சிறிதளவு நீரும் உறைந்த கட்டியின் அடிப்பக்கத்தில் சாம்பல் நிறப் படலமாகத் தங்கும். அதைக் கத்தியால் சுரண்டி எறிந்துவிட்டு மறுபடி உருக்கினால் கட்டி இன்னும் கெட்டியாக உறைவதோடு நெடுநாள் கெடாமலும் இருக்கிறது. இந்த வேலை முழுவதற்கும் ஒரு பிற்பகல் தேவை. வீட்டில் கொழுப்பு நெடி நிறையும் என்பதால் சாளரத்தைத் திறந்து வைக்க வேண்டும். அடுப்பில் கொழுப்பு இருக்கும்போது சமையலறையை விட்டு நகரவே கூடாது. மீந்த கொழுப்பைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். அதைத் தகரக் குவளையில் உறையவிட்டுக் குப்பையில் போடுவதே முறை.

மாடா, ஆடா என்ற கேள்விக்குப் பறவையின் தரப்பிலிருந்து பெரிய வேறுபாடு கிடையாது. ஆட்டின் குண்டிக்காய்க் கொழுப்பும் ஏறக்குறைய அதே வெப்பத்தில் உருகி, அதே அளவுக்குக் கெட்டியாக உறைகிறது. ரொறன்ரோப் பகுதியில் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மாட்டிறைச்சி சமையலறைக்குள் வருவதில்லை. பறவைத் தீனிக்கும் அந்த வரம்பு பொருந்துமா என்ற தயக்கத்தால் சிலர் இந்த முயற்சியையே கைவிடுகிறார்கள். அவர்களுக்கு ஆட்டுக் கொழுப்பு முழுமையான விடை. ஹலால் இறைச்சிக்கடைகளில் முழு ஆட்டை வெட்டும்போது ஒதுக்கப்படும் கொழுப்பை முன்கூட்டியே சொல்லிவைத்துப் பெற்றுக்கொள்ளலாம். உருக்கும்போது எழும் ஆட்டு நெடி மட்டும் சற்றுக் கடுமையானது. ஒரு ஆட்டிலிருந்து கிடைக்கும் அளவும் குறைவு என்பதால், சிறுகச் சிறுகச் சேர்த்து உறைபெட்டியில் வைத்து, போதிய அளவு சேர்ந்ததும் உருக்குவது வசதியாக இருக்கும்.

பன்றிக் கொழுப்பு பல்பொருள் அங்காடியில் உருக்கிய நிலையிலேயே கட்டியாகக் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்படும் வீட்டுச் சூயட் செய்முறைகளில் பெரும்பாலானவை அதையே பயன்படுத்துவதற்கு இந்த வசதிதான் காரணம், தரம் அன்று. கடுங்குளிரில் அது போதுமானதே. ஆனால் மார்ச் மாத வெயில் நேரடியாகப் படும் இடத்தில் தொங்கவிட்டால் மேற்பரப்பு பளபளத்துப் பிசுபிசுக்கிறது. அதனுடன் ஓட்ஸும் மாவும் நிறையக் கலக்கச் சொல்வது பறவைக்காக அல்ல, இளகுவதைத் தடுப்பதற்காகவே. சில தயாரிப்புகளில் கொழுப்பைக் கெட்டியாக்க ஹைட்ரஜன் ஏற்றம் செய்து, கெடாமல் காக்கும் பொருட்களையும் சேர்த்திருப்பார்கள். உறையைப் படித்து, எதுவும் சேர்க்காததைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சைவ வீட்டாருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வெஜிடபிள் ஷார்ட்டனிங் என்று விற்கப்படும், நம் வனஸ்பதியின் இனமான கொழுப்பு. இதன் உருகுநிலை சூயட்டின் உருகுநிலைக்கு அருகில் இருப்பதாகக் கணக்குக் காட்டினாலும், அறைவெப்பத்தில் இது விரல் பட்டாலே குழைகிறது என்பதை மறக்கக்கூடாது. உருகுநிலை என்பது கடைசித் துளியும் திரவமாகும் எல்லை, அதற்கு வெகு முன்பே இது மென்மையாகிவிடுகிறது. கனடாவில் 2018 செப்டம்பர் முதல் அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய்கள் உணவில் தடைசெய்யப்பட்டுள்ளதால், இன்று கிடைப்பது பெரும்பாலும் பாம் எண்ணெயும் முழு ஹைட்ரஜன் ஏற்றம் பெற்ற எண்ணெயும் சேர்ந்த கலவை. மற்றொன்று தேங்காய் எண்ணெய். சனவரியில் அது கல்லாக இறுகி நிற்கும். ஆனால் ஏப்ரல் வெயில் ஒரு நண்பகலில் அதை ஒழுகவைத்துவிடும். இவ்விரண்டில் நான் ஷார்ட்டனிங்கையே பரிந்துரைப்பேன். அதுவும் அதே அளவு பீநட் பட்டரும் இரு மடங்கு மக்காச்சோள ரவையும் சேர்த்துப் பிசைந்து, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டும். அதற்குப் பின் சைவ வீட்டார் கட்டியை விட்டுவிட்டு உப்பிடாத நிலக்கடலைப் பருப்பைக் கம்பிவலைக் குழாயில் வைத்தால் அதே மரங்கொத்திகளும் நட்ஹாட்சுகளும் அதற்கும் வரும். உண்மையில் நிலக்கடலையிலேயே கொழுப்பு பாதியளவுக்கு இருப்பதால், எதையும் உருக்க விரும்பாதவருக்கு அது குளிர்காலம் முழுவதற்குமான நேர்மையான தெரிவு.

எந்த நிலையிலும் கூடாதவை சில உண்டு. பேக்கன் பொரித்த கொழுப்பில் உப்பும் பதப்படுத்தப் பயன்படும் நைட்ரைட்டும் செறிந்திருக்கின்றன. வாட்டிய இறைச்சியிலிருந்து வடிந்த கொழுப்பில் சாறும் உப்பும் கலந்திருப்பதால் அது முழுமையாக உறைவதில்லை. கிருமிகளும் அதில் விரைவில் பெருகும். சமையல் எண்ணெயும் மென்மையான மார்ஜரினும் உறையாதவை என்பதால் இறகில் பூசிக்கொள்ளும்.

கொழுப்பு முடிவானபின் கலவைக்கு வருவோம். தூய கொழுப்பை மட்டும் வார்த்து வைத்தால் மரங்கொத்தி, நட்ஹாட்ச், சிக்கடீ ஆகியவை குறையின்றித் தின்னும். மற்றவை அதிகம் எட்டிப்பார்ப்பதில்லை. தானியமும் ரவையும் சேரச் சேர ஸ்டார்லிங்குகளும் வீட்டுச் சிட்டுக்குருவிகளும் ரக்கூன்களும் கூடுகின்றன. 1890இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டு, இன்று கண்டம் முழுவதும் பரவிவிட்ட ஸ்டார்லிங், மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. கூட்டமாக வந்து ஒரு கட்டியை ஒரே நாளில் முடித்துவிடும். ஆகவே இரண்டு பங்கு உருக்கிய கொழுப்புக்கு ஒரு பங்கு உப்பிடாத பீநட் பட்டர், வேண்டுமானால் ஒரு பங்கு ரவை என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம். வெதுவெதுப்பாக இருக்கும்போது கலந்து, 11 அல்லது 12 சென்டிமீட்டர் சதுரமுள்ள பெட்டியில் மெழுகுத்தாள் விரித்து ஊற்றினால், கடைகளில் விற்கும் பெரும்பாலான கம்பிக்கூடுகளுக்கும் அளவாகப் பொருந்தும். பீநட் பட்டரில் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி இல்லாததை உறுதிசெய்ய வேண்டும். கீழே சிந்துவதை வீட்டு நாய் தின்றால் அது நஞ்சாகும். உலர்ந்த திராட்சையையும் அதே காரணத்துக்காகத் தவிர்க்கலாம். தேன் பூசணம் பிடிக்க இடம் தரும்; ரொட்டித்தூள் வயிற்றை நிரப்புமே தவிர ஊட்டம் தராது.

அணில் தொல்லைக்கு மிளகாய்த்தூள் கலப்பதை நான் ஏற்கிறேன். கிளி மிளகாய்ப் பழத்தை இலகுவாகத் தின்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது: மிளகாயின் காரப்பொருளை உணரும் ஏற்பி பறவைகளிடத்தில் அதற்கு வினைபுரிவதில்லை, பாலூட்டிகளிடத்தில் புரிகிறது. உருக்கிய கொழுப்பில் கலந்துவிட்டால் காற்றில் பறந்து நம் கண்ணிலும் படாது.

கடையில் வாங்கும் கட்டியோடு ஒப்பிட்டால் வீட்டுக் கட்டிக்குச் செலவில் பெரிய ஆதாயம் இருக்கும் என்று வாக்களிக்க மாட்டேன். கொழுப்பு இலவசமாகவோ மலிவாகவோ கிடைத்தால் ஆதாயம். பன்றிக் கொழுப்பையும் பீநட் பட்டரையும் அங்காடி விலைக்கு வாங்கினால் கடைக்கட்டியே மலிவாக முடியலாம். கடைக்கட்டிகளில் நல்லவையும் உண்டு. உட்பொருள் பட்டியலில் முதலில் உருக்கிய மாட்டுக் கொழுப்பும் அடுத்து நிலக்கடலையும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். மக்காச்சோளமும் மைலோ எனப்படும் சோளமும் கோதுமையும் நிரப்பப்பட்டு, பெர்ரி மணமும் நிறமும் ஏற்றப்பட்டவை மனிதக் கண்ணுக்காகச் செய்யப்பட்டவை. வாரத்தில் ஒரு பிற்பகல் ஒதுக்க முடியாதவர் தூய கடைக்கட்டியை வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் உருக்கிய ஆட்டுக் கொழுப்பு எந்தக் கடை அடுக்கிலும் நான் கண்டதில்லை என்பதால், அதை விரும்புவோர் செய்துதான் ஆகவேண்டும்.

தொங்கவிடும் முறையிலும் ஒரு தேர்வு இருக்கிறது. அடிப்பக்கம் மட்டும் திறந்திருக்கும் கூடு, தலைகீழாகத் தொங்கி உண்ணப் பழகாத ஸ்டார்லிங்கைப் பெருமளவு தடுக்கிறது. தேங்காய்ச் சிரட்டையில் கொழுப்பை வார்த்து, கண்ணின் வழியே கயிறு கோத்துக் கவிழ்த்துத் தொங்கவிட்டாலும் அதே பலன் கிடைக்கும்; நம் வீடுகளில் சிரட்டைக்குப் பஞ்சமில்லை. டௌனி மரங்கொத்தி சிரட்டையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, மல்லாந்த நிலையில் அரிசியளவுத் துணுக்குகளாகக் கொத்தியெடுக்கும். சிக்கடீ ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டு கிளைக்குப் பறந்து, கால்விரலுக்கிடையில் அழுத்திப் பிடித்துத் தின்றுவிட்டு மீண்டும் வரும். வலைப்பையில் கட்டித் தொங்கவிடுவதை மட்டும் கைவிட வேண்டும். பறவையின் கால்கள் நூலில் சிக்கி முறிகின்றன. கூட்டை இரு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து கழுவி, நன்றாகக் காயவைக்க வேண்டும்.

எவ்வளவு காலம் வைப்பது என்பதில் தீனி வைப்போரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆண்டு முழுவதும் வைக்கலாம் என்போர், வெயிலிலும் உருகாத மாவுக் கட்டிகளைச் சான்று காட்டுகிறார்கள். நான் இதற்கு உடன்படவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் சிக்கடீகளைக் கொண்டு நடத்தி 1988இல் வெளியான ஆய்வில், தீனி பெற்றவற்றுள் 69 விழுக்காடும் பெறாதவற்றுள் 37 விழுக்காடும் குளிர்காலத்தைக் கடந்தன. அங்கே வைக்கப்பட்டது சூரியகாந்தி விதை என்றாலும், வேறுபாடு பெரிதாகத் தெரிந்தது கடுங்குளிர் மாதங்களில்தான் என்பது கவனிக்கத்தக்கது. இதற்கு எதிர்த்திசையில், இங்கிலாந்தின் கார்ன்வாலில் நீலச் சிட்டுகளுக்குக் குளிர்காலத்தில் கொழுப்பு மட்டும் கொடுத்துப் பார்த்து 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அடுத்த வசந்தத்தில் அவற்றின் குஞ்சுகள் எடை குறைந்திருந்ததையும் பிழைப்பு வீதம் தாழ்ந்ததையும் காட்டியது. கார்ன்வாலின் குளிர் மிதமானது. ஒன்ராறியோவின் சனவரியோடு அதை ஒப்பிட இயலாது. ஆயினும் கொழுப்பு கடுங்குளிருக்கான துணையுணவே அன்றி, வசதியான காலத்துக்கான முழு உணவு அல்ல என்று இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குப் படுகிறது. அதனால்தான் விதையும் நிலக்கடலையும் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

நவம்பர் நடுவில் முதல் கட்டியைத் தொங்கவிட்டு, பகல் வெப்பம் தொடர்ந்து 10 பாகையைத் தாண்டத் தொடங்கும் ஏப்ரலில் நிறுத்துவது தெற்கு ஒன்ராறியோவுக்குப் பொருந்தும். கருங்கரடிகள் உலவும் வடக்குப் பகுதிகளில் அவை குகையை விட்டு வெளிவருமுன்பே எல்லாத் தீனியையும் இறக்கிவிட வேண்டும். கொழுப்பின் மணம் அவற்றை வெகுதூரத்திலிருந்து வரவழைக்கும். எஞ்சிய கட்டிகளை மெழுகுத்தாளில் தனித்தனியாகச் சுற்றி, காற்றுப் புகாத பையில் இட்டு உறைபெட்டியில் வைத்தால் அடுத்த பருவத்தின் தொடக்கத்துக்கு உதவும். வெளியே எடுத்ததும் முகர்ந்து பார்த்து, பழைய எண்ணெயின் காறல் நெடி வந்தால் எறிந்துவிட்டுப் புதிதாக உருக்குவதே சரி.